கையும் காலும் செய்தது

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய மாமியார் தினமும் விளக்கேற்றிப் பூஜை முடிக்கும்போது, நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்று மன்னிப்புச் சுலோகங்கள் சொல்வாராம். போன ஆனியில் அவர் காலமாகிவிட்டார். நோட்டும் வழக்கமும் இப்போது மருமகளிடம் வந்திருக்கின்றன. “எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது. மாமியார் ‘சமஸ்வ’ என்று எழுதி வைத்திருக்கிறார். கைப்பேசியில் கேட்டால் ‘க்ஷமஸ்வ’ என்கிறார்கள். ஒரு நாளைக்கு 108 முறை வீதம் 48 நாள் சொன்னால் செய்த பாவமெல்லாம் போய்விடும் என்கிறார் ஒருவர். உச்சரிப்புப் பிசகினால் பாவம் இரட்டிப்பாகும் என்றும் அவரே சொல்கிறார். தமிழில் சொன்னால் ஆகாதா?” இவ்வளவும் கேட்டுவிட்டுக் கடிதத்தின் அடியில் ஒரே ஒரு வரி: “மாமியார் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். அப்போது பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன். அதற்கும் இதைச் சொல்லலாமா?”

நான் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் ஆடுதுறைக்குப் பக்கம். தேவாரம் கோயில் ஓதுவாரிடம் கேட்டுக் கற்றது. சமஸ்கிருதம், பக்கத்துத் தெரு சாஸ்திரிகள் ஒருவரின் திண்ணையில் ஏழெட்டு வருடம் உட்கார்ந்து கற்றது. கடிதத்தின் அடியில் உள்ள வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் மற்றவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே வர முடியும்.

நோட்டில் இருப்பவை மூன்றும் நம் வீடுகளிலும் கோயில்களிலும் எப்போதும் காதில் விழுபவை. முதலாவது: “மந்த்ரஹீனம் க்ரியாஹீனம் பக்திஹீனம் ஸுரேச்வர, யத் பூஜிதம் மயா தேவ பரிபூர்ணம் ததஸ்து தே.” மந்திரம் குறைந்தது, செய்முறை குறைந்தது, பக்தி குறைந்தது, அப்படியும் நான் செய்த பூஜை எதுவோ அது உனக்கு நிறைவானதாக ஆகட்டும். இரண்டாவது: “ஆவாஹனம் ந ஜானாமி, ந ஜானாமி விஸர்ஜனம்.” உன்னை அழைக்கவும் தெரியாது, அனுப்பிவைக்கவும் தெரியாது, பூஜையும் தெரியாது, பொறுத்துக்கொள். எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு ஒன்றுமே தெரியாது என்கிறோமே என்று நான் ஒருமுறை சிரித்தேன். “கல்யாணத்தில் சாப்பாடு போட்டு முடித்தபின் பெண் வீட்டார் ‘ஒன்றும் சரியாகச் செய்யவில்லை’ என்று கை கூப்புவதில்லையா? அந்த மரியாதைதான்” என்றார் சாஸ்திரிகள்.

மூன்றாவது, “கரசரண க்ருதம் வா” என்று தொடங்குவது. சிவாபராத க்ஷமாபண ஸ்தோத்திரத்தின் முடிவில் வருகிறது, தனியாகவும் சொல்வார்கள். கையால் காலால் செய்தது, வாக்கால் உடலால் செய்தது, செயலால் வந்தது, காதால் கண்ணால் வந்தது, மனத்தால் வந்தது. செய் என்று விதித்ததில் நேர்ந்த பிழை, விதிக்காததைச் செய்த பிழை, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள், கருணைக் கடலே, மகாதேவா, சம்போ. இதைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவை சொல்லப்படும் இடத்தைக் கவனியுங்கள். நைவேத்தியம், தீபாராதனை, பிரதட்சிணம், நமஸ்காரம் எல்லாம் ஆன பிறகு, கடைசியில். செய்த ஒன்றில் குறை இருந்தால்தானே குறைக்கு மன்னிப்பு? கோயில்களிலும் இதே கணக்குத்தான். ஓர் ஆண்டு முழுவதும் நித்திய பூஜையில் தெரிந்தும் தெரியாமலும் நேர்ந்த குறைகளுக்காக ஆண்டுக்கொருமுறை பவித்ரோத்ஸவம் என்று தனியாக ஒரு விழாவே எடுக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் அது பெரிய உற்சவம். குறை நேரும் என்று எதிர்பார்த்து, அதற்கும் பஞ்சாங்கத்தில் நாள் ஒதுக்கி வைத்த மரபு இது.

இனி உச்சரிப்பு. தமிழில் ‘க’ ஒன்றுதான். சமஸ்கிருதத்தில் அதற்கு நான்கு. சுலோகப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று எண் போட்டிருப்பது அதற்காகத்தான். ஓர் எழுத்துப் பிசகினால் பொருள் புரண்டுவிடும் என்பதும் பொய்யில்லை. ‘ஸ்வஜன’ என்றால் உறவினர், ‘ச்வஜன’ என்றால் நாய்க்கூட்டம். ‘ஸகல’ என்றால் எல்லாம், ‘சகல’ என்றால் துண்டு. நிறையப் படிக்காவிட்டாலும் இதற்காகவாவது இலக்கணம் படி மகனே என்று அப்பன் சொல்வதாக ஒரு பழைய சுலோகமே உண்டு. இந்த உதாரணத்தைச் சொல்லும்போது என் சாஸ்திரிகள் தம் பங்காளிகளை நினைத்துக்கொண்டு கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்.

பாவம் இரட்டிப்பாகும் என்ற பயமுறுத்தலுக்கு மூலம் வேறு. துவஷ்டா என்பவர் இந்திரனைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று வேள்வி செய்தபோது ‘இந்த்ரசத்ரு’ என்ற சொல்லில் ஸ்வரத்தை, அதாவது குரலை ஏற்றி இறக்குவதை, தவறான இடத்தில் வைத்துவிட்டார்; ‘இந்திரனைக் கொல்பவன்’ என்ற பொருள் ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’ என்று மாறிப்போய், பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே மாண்டான் என்று வேதத்தில் கதை வருகிறது. அது ஸ்வரத்தோடு ஓத வேண்டிய வேத மந்திரத்துக்கு உரிய எச்சரிக்கை. உங்கள் நோட்டில் இருப்பவை சுலோகங்கள். அதிலும், எழுத்துப் பிழைக்கு மன்னிப்புக் கேட்பதற்கென்றே இயற்றப்பட்ட வகை. விஷ்ணு சகஸ்ரநாமம் முடிந்ததும் “யதக்ஷர பதப்ரஷ்டம்” என்று ஒன்று சொல்வார்களே, அதன் பொருள் ‘எழுத்து விட்டதோ, சொல் நழுவியதோ, மாத்திரை குறைந்ததோ, அதையெல்லாம் பொறுத்துக்கொள்’ என்பதுதான். பிழையைப் பொறு என்று கேட்கும் பாட்டைப் பிழையாகச் சொன்னதற்குத் தண்டனை என்றால், அந்தத் தெய்வத்தைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம்? சரியாகச் சொல்லப் பழகுங்கள், அது மொழிக்குச் செய்யும் மரியாதை. பயந்துகொண்டு பழக வேண்டாம்.

ஒரு சொல் விளையாட்டு. ‘அபராத’ என்றால் சமஸ்கிருதத்தில் குற்றம். நாமோ கரண்டு பில்லைத் தாமதமாகக் கட்டினால் போடுகிற தொகையை அபராதம் என்கிறோம். குற்றத்தின் பெயர் அதன் விலைக்கு வந்துவிட்டது. ‘க்ஷமா’ என்ற சொல் இன்னும் அழகு. அதற்குப் பொறுமை என்றும் பொருள், பூமி என்றும் பொருள். தமிழிலும் ‘பொறு’ என்றால் சுமப்பதும் அதுதான், மன்னிப்பதும் அதுதான். “அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல” என்று வள்ளுவர் பொறுமைக்கு நிலத்தைத்தான் உவமையாகக் கொண்டுவருகிறார். வருடத்துக்கு இரண்டு முறை ஏரைக் கட்டி இந்த மண்ணைக் கிழித்துக்கொண்டிருக்கிற நமக்கு அது என்ன பொறுமை என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைக் காவிரிக்கரையில் இருந்துகொண்டு கேட்கலாமா அம்மா? மார்கழியில் நீங்களே சொல்லியிருப்பீர்கள். “கறவைகள் பின்சென்று” பாசுரத்தில், “அறியாத பிள்ளைகளோம் அன்பினால் உன்தன்னைச் சிறுபேர் அழைத்தனவும் சீறி அருளாதே” என்கிறாள் ஆண்டாள். இருபத்தேழு நாள் பாடிவிட்டு இருபத்தெட்டாம் நாள், உன்னை மரியாதை இல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே என்று கேட்கிறாள். “மந்த்ரஹீனம்” சொல்வதும் இதையேதான். காஞ்சி ஏகம்பனிடம் பட்டினத்தார் பாடியது எல்லோருக்கும் தெரியும்: “கல்லாப் பிழையும் கருதாப் பிழையும் கசிந்துருகி நில்லாப் பிழையும்” என்று அடுக்கிக்கொண்டே போய், “எல்லாப் பிழையும் பொறுத்தருள்வாய்” என்று முடியும். கவனித்தால் அதில் செய்த பிழை ஒன்றுகூட இல்லை. கல்லாதது, கருதாதது, நில்லாதது, நினையாதது என்று எல்லாம் செய்யாமல் விட்டவை. நம்மில் பெரும்பாலோருடைய கணக்கும் அதுதான்.

அப்பருடைய தாண்டகம் ஒன்று இன்னும் கடுமையானது. “குலம் பொல்லேன் குணம் பொல்லேன் குறியும் பொல்லேன் குற்றமே பெரிதுடையேன்” என்று தொடங்கி, “நடுவே நின்ற விலங்கல்லேன் விலங்கல்லாது ஒழிந்தேன் அல்லேன்” என்று வரும். விலங்கும் இல்லை, விலங்கு இல்லாமலும் போய்விடவில்லை. “வெறுப்பனவும் மிகப் பெரிதும் பேச வல்லேன்” என்கிறார்: பிறர் வெறுக்கும்படியாகப் பேசுவதில் நான் வல்லவன். எரிந்து விழுந்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பதை அவர் தம் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய திருக்கடையூரில் பிறந்த அபிராமி அந்தாதியின் 46-ஆம் பாட்டு இதற்கு எதிர்ப்புறம்: “வெறுக்கும் தகைமைகள் செய்யினும் தம் அடியாரை மிக்கோர் பொறுக்கும் தகைமை புதியது அன்றே.” வெறுக்கத்தக்கதைச் செய்தாலும் பெரியவர்கள் பொறுப்பது புதிதா என்ன என்று உரிமையோடு கேட்கிறார் அதைப் பாடிய அபிராமி பட்டர். மூன்று சமஸ்கிருதச் சுலோகத்துக்கு மூன்று தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றால் ஆண்டாள், அப்பர், பட்டர் என்று நான் எடுத்துக்கொடுப்பேன். மாமியார் நினைவுக்காகச் சமஸ்கிருதத்தை வைத்துக்கொள்ளலாம், உங்களுக்காகத் தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் ஐந்து நிமிடம்.

அடுத்து, 108. எண்ணிக்கை ஜபத்துக்கு உரியது. ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதற்கு மணியும் மாலையும் தேவை. மன்னிப்புக் கேட்பது அப்படியா? எதிர்வீட்டுக்காரரின் காலை மிதித்துவிட்டு 108 முறை மன்னிக்க வேண்டும் என்று சொன்னால் அவர் மனநிலை என்னவாக இருக்கும்? பூஜையின் முடிவில் ஒருமுறை, நிறுத்திச் சொன்னால் போதும். ஆசைப்பட்டால் மூன்று முறை. 48 நாள் கணக்குச் சொல்கிறவர் மருந்துக்குப் பத்தியம் சொல்லும் பாணியில் பேசுகிறார். மக்களுக்கும் அந்தப் பாணி பிடித்திருக்கிறது.

“எல்லாப் பாவமும் போய்விடும்” என்பதில்தான் எனக்குப் பெரிய வழக்கு இருக்கிறது. அதற்கு நம் சுந்தரரைக் கூப்பிடுகிறேன். திருவாரூரில் மனைவி பரவை இருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் வசந்த விழா நினைவு வந்ததும் சத்தியத்தை மீறி எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. வழியில் திருவெண்பாக்கத்தில் பாடுகிறார்: “பிழையுளன பொறுத்திடுவர் என்று அடியேன் பிழைத்தக்கால் பழியதனைப் பாராதே படலம் என்கண் மறைப்பித்தாய்.” பிழை செய்தால் பொறுத்துக்கொள்வார் என்று நம்பித்தான் பிழை செய்தேன், நீ உனக்கு வரும் பழியைக்கூடப் பார்க்காமல் கண்ணை மறைத்துவிட்டாயே! மன்னிப்பு எப்படியும் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்ட மனிதனின் வாக்குமூலம் இது. தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கியவருக்கே அந்தக் கணக்கு பலிக்கவில்லை. அங்கே கிடைத்தது ஓர் ஊன்றுகோல், கோயிலுக்குள்ளிருந்து வந்த பதில், “உளோம் போகீர்.” இருக்கிறோம், நீர் போம்.

அப்புறம் காஞ்சியில் இடக்கண் வந்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் குத்தாலம், அந்தக் காலத்துத் திருத்துருத்தி; அங்கே குளத்தில் முழுகி உடம்பு நோய் தீர்ந்தது. திருவாரூருக்கு வந்து, “வாழ்ந்து போதீரே” என்று சண்டை பிடித்து வலக்கண்ணை வாங்கினார். ஒரே நாளில், ஒரே பாட்டில் எல்லாம் திரும்பிவிடவில்லை. பாட்டுப் பாடியவர் சுந்தரர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதையில் எனக்கு எப்போதும் உறுத்தும் இடம், பிழை நேர்ந்தது ஈசனிடம் மட்டும் இல்லை, திருவொற்றியூரில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடமும் என்பது.

டெல்டாவில் பாவம் தொலைக்கும் துறைகளுக்குப் பஞ்சமில்லை. மாயவரத்துத் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுவதும் முழுக்கு. கடைசி நாள் கடைமுகம். அதற்கும் வந்து சேர முடியாமல் போன ஒரு முடவனுக்காகக் கார்த்திகை முதல் தேதியில் முடவன் முழுக்கு. காலம் தாழ்ந்து வந்தவனுக்கும் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள் என்பதால் எனக்கு அந்த முழுக்கின் மேல் தனிப் பிரியம். திருவிடைமருதூரில் வரகுண பாண்டியனைத் தொடர்ந்து வந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலிலேயே நின்றுவிட, அவன் வேறு வாசல் வழியாக வெளியேறினான் என்று தலபுராணம். இன்றும் போன வழியே திரும்பக்கூடாது என்று சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் எதையும் நான் கேலி செய்யவில்லை. நானும் சுற்றிக்கொண்டுதான் வருவேன்.

ஆனால் திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள் கதையை இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஹஜி காலத்தவர். வீட்டில் சிராத்தம். சமையல் ஆகிவிட்டது. வாசலில் பசியோடு ஒரு தாழ்த்தப்பட்டவர் வந்து நிற்க, சிராத்தச் சாப்பாட்டை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டார். ஊர் வைதிகர்கள் கொதித்துப்போய், இதற்குப் பிராயச்சித்தம் கங்கை ஸ்நானம், அதைச் செய்துவிட்டு வந்தால்தான் சிராத்தம் என்றார்கள். அவர் கங்காஷ்டகம் பாட, வீட்டுக் கிணற்றில் கங்கை பொங்கியது. இன்றும் கார்த்திகை அமாவாசையில் அந்தக் கிணற்று நீரில் குளிக்க விடியற்காலையிலிருந்து வரிசை நிற்கிறது. ஊர் எதைப் பிழை என்றதோ அது பிழையே இல்லை என்று கிணறு சொல்லிவிட்டது. இதே ஐயாவாள் தோஷபரிஹாராஷ்டகம் என்றும் ஒன்று இயற்றியிருக்கிறார். பிறர் குற்றத்தை எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்குள்ள ஆசையே என் குற்றத்தை வெளிப்படுத்துகிறது என்பது அதில் அவர் எடுத்த எடுப்பில் சொல்வது. மன்னிப்புச் சுலோகம் சொல்லும்போது மாமனார் செய்தது, நாத்தனார் சொன்னது என்று மனம் பிறர் பக்கம் போகும். எனக்குப் போயிருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூட வேலையோடு ஆறு மா நிலம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அந்த வருடம் தள்ளிப்போய், திறந்த தண்ணீரும் நூலாக வந்தது. எங்கள் வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சினோம். நள்ளிரவிலிருந்து விடியும் வரை மேற்கு வயல்காரர் முறை. அவருடைய குறுவை நாற்றங்கால் பச்சைக் கம்பளம் மாதிரி இருந்தது. என்னுடையது ஓரம் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் தூங்கப் போய்விட்டார் என்று தெரிந்ததும், டார்ச்சை அணைத்துவிட்டு, கையால் சேற்றையும் வைக்கோலையும் அள்ளி அவர் மடையில் வைத்து, காலால் மிதித்து அடைத்தேன். என் மடையைத் திறந்துவிட்டேன். இரண்டு ராத்திரி இப்படிச் செய்தேன். மூன்றாம் நாள் வாய்க்காலில் தண்ணீரே நின்றுபோயிற்று. அவர் நாற்று வெளுத்துக் காய்ந்தது. நடவுக்கு வெளியே விலைக்கு வாங்கினார்.

நான் தினமும் காலையில் பூஜை செய்கிறவன். முடிவில் இதே “கரசரண க்ருதம் வா” சொல்கிறவன். அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்து அந்தச் சுலோகம் எனக்குச் சொல்ல வராமல் போயிற்று. கர, சரண: கை, கால். மற்ற நாளெல்லாம் வெறும் ஓசையாக ஓடிய இரண்டு சொல், வாயில் சேறாக ஒட்டிக்கொண்டன. வேகமாகச் சொல்லிப் பார்த்தேன். மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நாள் அதை விட்டுவிட்டு “ஆவாஹனம் ந ஜானாமி”யோடு முடித்தேன். தெரியாது, தெரியாது என்று சொல்வது வசதியாக இருந்தது.

ஒருநாள் திண்ணையில் சாஸ்திரிகளிடம், ஏதோ இலக்கணச் சந்தேகம் கேட்பது போல, “மனம்தானே எல்லாவற்றுக்கும் மூலம்? பாட்டில் ஏன் கையும் காலும் முதலில் வருகின்றன?” என்று கேட்டேன். அவர் சந்தியாவந்தனத்தில் வரும் மந்திரத்தை எடுத்துக்காட்டினார். காலையில், ராத்திரி செய்த பாவத்தையும் மாலையில், பகலில் செய்த பாவத்தையும் சொல்லி நீரை உட்கொள்ளும் மந்திரம் அது: மனத்தால், வாக்கால், கைகளால், கால்களால், வயிற்றால், குறியால் என்று ஆறு. “அங்கே மனம் முதலில் இருக்கிறது. இங்கே கை முதலில். இங்கே ஏன் என்றால், மனம் செய்ததற்குச் சாட்சி கிடையாது. கையும் காலும் செய்ததற்கு எங்கேயோ ஒரு சாட்சி இருக்கும். அதிலிருந்து ஆரம்பி என்கிறான்” என்றார். இது எந்த உரையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. அவராகச் சொன்னதுதான். வயிற்றையும் கணக்கில் சேர்த்த அந்த மந்திரக்காரரை நினைத்து நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மேற்கு வயல்காரர் களத்தில் சைக்கிளை நிறுத்தினேன். நெல் தூற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமலே, “தெரியும் ஐயா. உங்களுக்குச் சுண்டுவிரல் தனியாக விலகி நிற்கும். அன்று காலையிலேயே சேற்றில் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர் என்று விட்டுவிட்டேன்” என்றார். நாற்றுக்கு ஆன பணத்தை நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் வாங்கி, எண்ணிப் பார்த்து, மடியில் செருகிக்கொண்டார். அவர் மனைவி அதற்குப் பிறகும் பல வருடம் என்னைக் கண்டால் அடுத்த வரப்பில் இறங்கித்தான் போவார்.

அதற்குப் பின் சுலோகம் எளிதாக வந்தது என்று எழுதினால் பொய். கையும் காலும் தாண்டின. “ச்ரவண நயனஜம்” என்ற இடத்தில் வேறொன்று மாட்டிக்கொண்டது. அதைச் சொல்லப் போவதில்லை. இந்தச் சுலோகம் அழிக்கிற ரப்பர் என்று நான் நினைத்திருந்தது போய், தினமும் உடம்பு முழுக்கக் கை வைத்துப் பார்க்கிற வைத்தியர் மாதிரி ஆகிவிட்டது. அழுத்துகிற இடத்தில் வலித்தால் அங்கே ஏதோ இருக்கிறது. வேகமாக 108 முறை ஓட்டினால் எந்த இடத்திலும் கை நிற்காது. என் எதிர்ப்பெல்லாம் அதற்குத்தான்.

இந்த நிற்பதை ஒரு பெருங்கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் திருவையாற்றுக்குப் போங்கள். தை மாதத்தை ஒட்டிவரும் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜர் சமாதியில் பஞ்சரத்தினம் பாடுகிறார்களே, அதில் கௌளை ராகத்தில் வரும் “துடுகு கல” முழுக்க முழுக்கக் குற்றப் பட்டியல். பிறர் பொருளுக்காக மனம் உருகப் பேசி வயிற்றை நிரப்பத் திரிந்தேன் என்கிறார். ஸ்வரமும் லயமும் தெரியாமல் நல்ல பக்தர்களுக்கு நிகர் என்று சொல்லிக்கொண்டேன் என்கிறார். சொல்கிறவர் தியாகராஜர்! பாடுகிற நூற்றுக்கணக்கானவர்கள் கச்சிதமாகத் தாளம் போட்டு அதைப் பாடுகிறார்கள். அந்த வரி வரும்போது ஓரிருவராவது தாளத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தாளம் தெரியாதவர்களாகவும் இருக்கலாம்.

இப்போது உங்கள் கடைசி வரி.

தேவி அபராத க்ஷமாபண ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். “கெட்ட பிள்ளை பிறக்கலாம், கெட்ட தாய் என்று ஒருத்தி கிடையாது” என்று திரும்பத் திரும்ப வருவது அது. ஆதிசங்கரர் பெயரில் வழங்குகிறது. அதில் “எனக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது” என்று ஒரு சுலோகம் இருக்கிறது. சங்கரர் 32 வயதில் மறைந்தார் என்பது மரபு. யார் இயற்றியிருந்தாலும் உருக்கமான பாட்டு. ஆனால் அது தேவியைத் தாயாகப் பாவித்துக் கேட்பது. உங்கள் மாமியார் தேவி இல்லை. மருந்து கசக்கிறது என்று டம்ளரைத் தட்டிவிட்ட, ராத்திரி மூன்று மணிக்கு நான்காம் முறை கூப்பிட்ட ஒரு வயதான மனுஷி. அவரிடம் கேட்க வேண்டியதை ஸ்தோத்திரத்துக்குள் கரைத்துவிடாதீர்கள். எந்த நாள், என்ன சொன்னீர்கள் என்பதை விளக்கின் முன் நின்று உங்கள் சொந்தத் தமிழில், சத்தமாகச் சொல்லுங்கள். “பலமுறை எரிந்து விழுந்தேன்” என்று மொத்தமாகச் சொன்னால் போதாது. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எது தொண்டையில் நிற்கிறதோ அது. அதைக் காதால் கேட்ட மனிதர் வீட்டில் வேறு யாராவது இருந்தால், நாத்தனாரோ, உதவிக்கு வந்த அம்மாவோ, அவரிடமும் ஒருநாள் சொல்லிவிடுங்கள். சாட்சி இருக்கிற இடம் அது.

இதற்குப் பரிகாரமாக இன்னொரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் தாயாரை என் மனைவி பதினான்கு மாதம் பார்த்தாள். நான் கதவருகில் நின்று “எப்படி இருக்கிறாள்?” என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அவளும் எரிந்து விழுந்திருக்கிறாள். நான் எரிந்து விழவே இல்லை. எனக்கு அதற்குச் சந்தர்ப்பமே இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். நோட்டின் முதல் சுலோகத்தை மறுபடி பாருங்கள். மந்திரம் குறைந்தது, செய்முறை குறைந்தது, பக்தி குறைந்தது, ஆனாலும் “யத் பூஜிதம் மயா”, நான் செய்த பூஜை எதுவோ அது. இரண்டு வருடம் துணி மாற்றி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சியை ஊட்டியது யார்? அது பூஜை இல்லையென்றால் வேறு எது? அதில் பக்தி சில ராத்திரி குறைந்துபோயிற்று. எரிந்து விழுந்த சொல்லுக்கு மூன்றாவது சுலோகம். அந்த இரண்டு வருடத்துக்கு முதலாவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, மொத்தத்தையும் பாவக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

‘சமஸ்வ’ விஷயம் விட்டுப்போயிற்று. ‘க்ஷமஸ்வ’ என்பதே சரி. நாக்கின் பின்பகுதியை மேலே ஒட்டி ‘க்’ என்று தொடங்கி உடனே ‘ஷ’வுக்கு வாருங்கள், ‘பக்ஷணம்’ என்று சொல்லும்போது வருகிற அதே ஒலி. நாலு நாளில் வந்துவிடும். நோட்டில் மாமியார் எழுதியதை அடித்துத் திருத்த வேண்டாம். பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதிக்கொள்ளுங்கள்.